பஞ்சநாதன் ஜீப்புக்கு மீட்டர் போட்ட கதை

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே வருஷக்கணக்காக ஜீப் ஓட்டிய பஞ்சநாதன், அந்த ஜீப்பின் ஸ்பீடோமீட்டரை ஏறிட்டுப் பார்த்ததே கிடையாது. பார்க்க அதில் என்ன இருக்கிறது? ஏதோ ஒரு அரசு அலுவலகம் கழித்துப்போட்டு ஏலம் விட்ட வண்டி அது. ஏலத்தில் வந்தபோதே முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. அதன்பிறகு அதை யாரும் எழுப்பவில்லை.

இதில் பஞ்சநாதனுக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் பெருமைதான். அந்தப் பக்கத்து டிரைவர்களில் பலபேர் ஒரு வண்டிக்கு வேலைக்கு வந்ததும் முதல் காரியமாக மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டுவிடுவார்கள். வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்று முதலாளிக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத் தொடங்கிய பழக்கம். போகப்போக அதுவே தொழில் கௌரவமாகிவிட்டது. மீட்டரைப் பார்த்து ஓட்டுகிறவன் நேற்று லைசென்ஸ் எடுத்தவன் என்று அர்த்தம். "முள்ளயே பாத்துக்கிட்டிருந்தா ரோட்ட உங்க அப்பனா பாப்பான்?" என்று கார் ஸ்டாண்டில் புதுப் பையன்களைக் கிண்டல் பண்ணுவார்கள். கிண்டல் பண்ணுகிறவர்களில் பஞ்சநாதனும் ஒருவர்.

அவருக்கு மீட்டர் காதில் இருந்தது. ஃபோர் வீல் ஜீப்புக்கு அடிவயிற்றில், கியர் பெட்டிக்குப் பின்னால், இன்னொரு பல்சக்கரப் பெட்டி உண்டு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் ஓட்டத்தைப் பங்கு பிரித்துக் கொடுப்பது அதுதான். வண்டி வேகம் எடுக்க எடுக்க அந்தப் பெட்டி மெல்லிசாக ஊளையிடும். முப்பதில் ஒரு மாதிரி, நாற்பதில் ஒரு மாதிரி, ஐம்பது தாண்டினால் கொசு காதுக்குள் புகுந்த மாதிரி. எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் அந்த மெல்லிசான ஊளை தனியாகக் கேட்கும். அதைப் பிடித்துக்கொண்டே அவர் ஓட்டினார். ஒரு தடவை கார் ஒன்றைப் பக்கத்தில் ஓடவிட்டுச் சரிபார்த்தார்கள். "நாப்பத்தஞ்சு" என்றார் பஞ்சநாதன். காரின் முள்ளும் நாற்பத்தைந்தில்தான் நின்றது. அந்தக் கதை ஸ்டாண்டில் ரொம்ப நாள் ஓடியது.

சுனாமி வந்த அடுத்த வருஷம் அவர் அந்த ஜீப்புக்கு வந்தார். மீனவ கிராமங்களில் வேலை செய்ய வந்த ஒரு தொண்டு நிறுவனம் அதை ஏலத்தில் எடுத்திருந்தது. மணலில் புதையாமல் போக அந்த மாதிரி வண்டிதான் சரி. ஆரம்பத்தில் திருவிழா மாதிரி இருந்தது. வெள்ளைக்காரர்கள், கேமராக்காரர்கள், வரிசையாக வண்டிகள். வருஷம் போகப்போக ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியில் கடலூர் செம்மண்டலத்தில் ஒரு வாடகை வீட்டு ஆபீஸ், அதில் சிவசங்கர் என்று ஒரு அதிகாரி, கடலோர ஊர்களில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவதைப் பார்த்துக்கொள்ள வித்யா, அவளை ஏற்றிப்போகப் பஞ்சநாதன். அவ்வளவுதான் மிச்சம்.

வித்யா பண்ருட்டிப் பக்கத்துப் பெண். அவள் வீட்டில் முதல் டிகிரி அவளுடையதுதான். முன் சீட்டில் உட்கார்ந்தால் கடலோரத்துக் கிள்ளை கிராமம் வரைக்கும் வாய் ஓயாது. பலாப்பழ மண்டியில் அப்பா போட்ட சண்டை, தங்கச்சிக்குப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் மீசை, ஹாஸ்டல் சாம்பாரில் மிதந்த பொருள் எல்லாம் வரும். பஞ்சநாதன் "ம்" கொட்டுவார், சிரிப்பார், இடையில் ஒரு வார்த்தை போடுவார். அவரிடம் ஒரு நாளில் பேசுகிற ஆள் அவள் ஒருத்திதான்.

வீட்டில் யாரும் இல்லை. மனைவி ராணியம்மாள் சுனாமிக்கு முந்தின வருஷம் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். மகள் இளவரசி கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். அவர் செம்மண்டலத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறையில் இருந்தார். சமையல் அவரே.

அந்தச் சமையலில்தான் விஷயம் தெரியவந்தது. ஒரு நாள் குக்கரில் அரிசி வைத்துவிட்டு விசிலுக்காகக் காத்திருந்தார். விசில் வரவே இல்லை. தீய்ந்த வாடைதான் வந்தது. மறுநாளும் அப்படியே. குக்கரை எடுத்துக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போய் "வெயிட்டு போயிடுச்சுங்க, மாத்திக் குடுங்க" என்றார். கடைக்காரர் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்துக் காட்டினார். மூக்கு வழியாக ஆவி சீறி வந்தது. பஞ்சநாதன் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னாங்க, ஊரே திரும்பிப் பாக்கற மாதிரி கத்துது. இதப் போய் போயிடுச்சுங்கறீங்க?"

பஞ்சநாதன் குக்கரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

முழுக்கச் செவிடு இல்லை. பஸ்ஸின் ஹாரன் கேட்கும். எதிரே நின்று ஆம்பிளைக் குரலில் பேசினால் கேட்கும். மெல்லிசான சத்தங்கள்தான் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. முதலில் குக்கர், பிறகு செல்போன் மணி. பிறகு போனில் மகளின் குரல். "அப்பா... அப்பா..." என்பது வரைக்கும் தெரியும், மற்றதெல்லாம் ஈ பறக்கிற மாதிரி. "சிக்னல் இல்லம்மா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுவார். சிக்னல் இல்லை என்று சொல்லிச் சொல்லி, அவளும் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள்.

ஜீப்பின் ஊளையும் போயிற்று. வித்யாவின் பேச்சும் போயிற்று. எஞ்சின் நின்றிருந்தால் அவள் சொல்வது ஒருமாதிரி விளங்கும். வண்டி ஓடினால் உதடு அசைவது மட்டும் ஓரக்கண்ணில் தெரியும். அவள் சிரித்தால் இவரும் சிரிப்பார். அவள் நிறுத்தினால் "அதாம்மா", "நல்லதும்மா" என்று ஏதாவது ஒன்றைப் போடுவார். பழைய ஆளாக இருப்பதில் ஒரு வசதி, பாதிப் பேச்சுக்கு இந்த இரண்டு வார்த்தையே போதுமாக இருந்தது.

பேச்சைச் சமாளிக்கலாம், வேகத்தைச் சமாளிக்க முடியுமா? ஊளை கேட்காமல் போனதும் கால் தன் இஷ்டத்துக்குப் போக ஆரம்பித்தது. புதுச்சத்திரம் பக்கம் ஒரு வேகத்தடையில் ஜீப் ஆளுயரத்துக்குக் குதித்தது. வித்யாவின் தலை மேல்கம்பியில் மோதி நெற்றி புடைத்துவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் புடைப்பு சொல்லிவிட்டது.

சிவசங்கர் கூப்பிட்டு எதிரே நிறுத்திக் கேட்டார். அவருடையது கட்டைக் குரல், நன்றாகக் கேட்டது.

"பஞ்சநாதன், என்ன ஆச்சு உங்களுக்கு? போன வாரமும் கிள்ளையில ஒரு அம்மா சொன்னாங்க, உங்க ஜீப்பு பறக்குதுன்னு. இன்னொரு தடவ இந்த மாதிரி கேட்டேன்னா ஜீப்ப வித்துட்டு வாடகைக் கார் வெச்சிடுவேன். எனக்கும் அதான் லாபம்."

"இல்லீங்க சார். பள்ளத்துல எறங்கிடிச்சி. இனிமே வராது சார்."

காது என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே வாடகைக் கார் வந்துவிடும். வண்டி போனாலும் வேறு வேலை கிடைக்கும், எங்காவது வாட்ச்மேனாகக் கேட்டில் உட்காரலாம். ஆனால் கேட்டில் உட்கார்ந்தால் பக்கத்து சீட் கிடையாது. பக்கத்து சீட்டில் ஆள் கிடையாது. அவருக்குக் கேட்கிறதோ இல்லையோ, அவரைப் பார்த்து ஒரு வாய் அசைய வேண்டும். அது போய்விட்டால் மிச்சம் பின்கட்டு அறையும் ஆறிப்போன சோறும்தான். அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அவருக்கு முடிவாகத் தோன்றியது, மீட்டரைச் சரி பண்ணிவிட வேண்டும். காது செய்த வேலையைக் கண் செய்யட்டும்.

எங்கே போய்ச் சரி பண்ணுவது? டவுன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் நாலு டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். "என்னா பஞ்சண்ணே, உங்களுக்கு மீட்டரா?" என்று ஆரம்பிப்பார்கள். ஏன் எதற்கு என்று குடைவார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் போனார். அங்கே அய்யனார் என்று ஒரு சிநேகிதர். மீன்பிடிக்கிற ஃபைபர் படகு எஞ்சின்களுக்கு மெக்கானிக். சுனாமி சமயத்தில் படகுகளை மணலில் இழுத்துப் போட்ட நாட்களில் பழக்கமானவர். கடலிலேயே கத்திப் பேசிப் பழகிய மனுஷன், பத்தாள் தூரத்திலிருந்து பேசினாலும் பஞ்சநாதனுக்குக் கேட்கும்.

"மீட்டரா? உனுக்கா? யோவ் மச்சான், எவனாவது பொண்ணு குடுக்கறேன்னு சொல்லிட்டானா? மாப்ளைக்கு வண்டி பளபளன்னு இருக்கணுமா?"

"சும்மா இரு மச்சான். ஆபீஸ்ல கேக்கறாங்க."

அய்யனார் ஜீப்புக்கு அடியில் நுழைந்து, பல்சக்கரப் பெட்டியிலிருந்து கேபிளின் வாலைக் கழற்றினார். உள்ளே இருக்கவேண்டிய கம்பி இற்றுப்போய்த் துருத்தூளாகக் கொட்டியது. வெளிக் குழாய் மட்டும் நன்றாக இருந்தது.

"கம்பிதான போச்சு? எங்கிட்ட இல்லாத கம்பியா?" என்று குடிசைக்குள் போய், படகு எஞ்சினுக்கு ஆக்சிலேட்டர் இழுக்கிற கம்பி ஒன்றைச் சுருளோடு எடுத்துவந்தார். அளந்து வெட்டி, இரண்டு முனையையும் சுத்தியலால் தட்டிச் சதுரமாக்கி, கையில் இருந்த எஞ்சின் ஆயிலைத் தாராளமாக ஊற்றிக் குழாய்க்குள் சொருகினார்.

"மச்சான், இது கார் சாமான் இல்லியே. தாங்குமா?"

"அலையில ஓடற கம்பிய்யா இது. தார் ரோட்ல ஓடாதா? போய் ஓட்டிப் பாரு."

ஓட்டிப் பார்த்தார். முள் எழுந்தது! இருபது வருஷமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவன் எழுந்து உட்கார்ந்த மாதிரி, உதறிக்கொண்டு எழுந்து முப்பதில் நின்றது. பஞ்சநாதனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளி ரோட்டுக்கு வந்ததும் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் அடங்கியது. கால் 'இது நாற்பது' என்று சொன்ன இடத்தில் முள் அறுபதைக் காட்டியது. இத்தனை நாள் இந்த வேகத்திலா அந்தப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனோம் என்று நினைத்துக்கொண்டார். காலை மெல்ல எடுத்தார். முள் நாற்பதுக்கு வந்தது. அதை அப்படியே அங்கேயே பிடித்துக்கொண்டு செம்மண்டலம் வந்து சேர்ந்தார்.

அடுத்த இரண்டு நாள் பக்கத்து ஊர்களுக்கு மட்டும்தான் வேலை. புதன்கிழமை சிதம்பரம் போகவேண்டி இருந்தது. வித்யாவுக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டம். காலையில் அவள் வந்து ஏறினாள். கொஞ்ச நாளாகவே அவளிடம் பழைய பேச்சு இல்லை. ஏறினால் ஒரு வணக்கம், இறங்கினால் ஒரு வணக்கம், நடுவில் ஜன்னல். நெற்றியில் அடிபட்ட கோபம் என்று பஞ்சநாதன் நினைத்துக்கொண்டார். அதனால் அன்றைக்கு அவரே ஆரம்பித்தார்.

"பாத்தீங்களா வித்யாம்மா! மீட்டரு போட்டுட்டேன். இனிமே நாப்பதுதான். தாண்டினா என்னக் கேளுங்க."

அவள் மீட்டரைப் பார்த்துச் சிரித்தாள். அவருக்கு அதுவே போதும். முள்ளையும் ரோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

பெரியகுப்பம் தாண்டும்போது வித்யா தலையைத் திருப்பி டேஷ்போர்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து என்னவோ சொன்னாள். "அதாம்மா" என்றார். அவள் மறுபடி என்னவோ சொல்லி, விரலால் மீட்டரைக் காட்டினாள். அதிசயப்படுகிறாள் என்று நினைத்து, "அய்யனாரு போட்டுக் குடுத்தாரு. கைராசிக்காரரு" என்றார். அவள் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டாள். குளிர்காற்று என்று எண்ணி, "ஜன்னல் தட்டிய எறக்கி விட்டுக்கங்க" என்றார்.

நடந்தது என்னவென்றால், ஜீப் கதறிக்கொண்டிருந்தது. எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம் சுற்றுகிற மாதிரி ஒரு கிரீச்சல் டேஷ்போர்டுக்குள்ளிருந்து கிளம்பி, வேகம் கூடக்கூட உயர்ந்துகொண்டே போனது. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. அத்தனைக்கும் நடுவில் பஞ்சநாதன் கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக, நாற்பதில் நாற்பதாக, ஓட்டிக்கொண்டு போனார்.

பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டியதும் முள் ஆட ஆரம்பித்தது. முப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் சாமி வந்த மாதிரி துள்ளியது. அப்போதுதான் பஞ்சநாதனின் முகம் மாறியது. அவர் கலவரப்பட்டது முள்ளைப் பார்த்துத்தான் என்பதை வித்யா கவனித்தாள். சத்தம் எவ்வளவோ நேரமாக இருக்கிறது, அதற்கு இவர் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லையே.

சிதம்பரத்தில் மேலவீதிப் பக்கம் ஒரு சந்தில் கொளஞ்சியப்பன் என்பவர் மீட்டர் கடை வைத்திருந்தார். ஆட்டோ மீட்டர், பைக் மீட்டர், பழைய கார் மீட்டர் எல்லாம் பார்ப்பார். வித்யாதான் விசாரித்து வழி காட்டினாள். ஜீப் சந்துக்குள் நுழையும்போதே கொளஞ்சியப்பன் வெளியே வந்து நின்றுவிட்டார்.

"யாருய்யா அது, பன்னிய வண்டில கட்டி இழுத்துக்கிட்டு வர்றது? ஆஃப் பண்ணுய்யா மொதல்ல!"

எஞ்சினை நிறுத்தியதும் சந்தே மூச்சு விட்டது. கொளஞ்சியப்பன் பானட்டைத் திறந்து, மீட்டருக்குப் பின்னால் கைவிட்டுக் கேபிளைப் பிரித்து, கம்பியை வெளியே உருவினார். உருவ வரவில்லை. இழுத்தார். வந்தது. அவித்துப்போட்ட இடியாப்பம் மாதிரி பிரிந்து, நடுவில் ஊதிப்போய் வந்தது. அதைத் தூக்கிப் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்தவர், தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"கடக்கரையில மாட்டினதா? அதான! இது இழுக்கற கம்பிங்க. ஒரே பக்கமா முறுக்கி வெச்சிருப்பான். மீட்டருக்கு வேணுங்கறது சுத்தற கம்பி. ஒரு சுத்து இப்படின்னா மேல் சுத்து அப்படி, ஒண்ண ஒண்ணு கட்டிப் புடிச்சிக்கிட்டு இருக்கும். இதப் போய் சுத்த விட்டா பிரிஞ்சி ஊதி, கொழாயில ஒரசி ஒரசி... ஏங்க, கடலூர்லேருந்து இந்தச் சத்தத்தோடயா வந்தீங்க?"

பஞ்சநாதன் முதுகைக் காட்டிக்கொண்டு ஜீப்புக்குள் மீட்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பதில் இல்லை.

"உங்களத்தாங்க! காது வலிக்கலியா உங்களுக்கு?"

பதில் இல்லை. கொளஞ்சியப்பன் வித்யாவைப் பார்த்தார். வித்யா பஞ்சநாதனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"பஞ்சண்ணே" என்றாள், எப்போதும் கூப்பிடுகிற குரலில்.

அவர் மீட்டர் கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

வித்யா கொளஞ்சியப்பனிடம், "நீங்க வேலையப் பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, வர நேரமாகும் என்றாள். பிறகு பஞ்சநாதனின் தோளைத் தொட்டு, டீக்கடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். எதிரே நின்று, உதடு தெரியும்படி, அழுத்தி அழுத்திப் பேசினாள்.

"எத்தினி நாளாண்ணே?"

"என்னாது எத்தினி நாளா?"

"காது."

டீ கிளாஸை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார் பஞ்சநாதன். பொய் சொல்ல ஒரு வார்த்தை தேடினார். பள்ளம், சிக்னல் என்று இத்தனை நாள் உதவிய வார்த்தைகள் எதுவும் அந்த முகத்துக்கு முன்னால் வரவில்லை.

"ஒரு வருசத்துக்கு மேலவே இருக்கும்."

"வண்டில நான் பேசறதெல்லாம்?"

"நீங்க பேசறது தெரியும்மா. கேக்காது."

அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"சார்கிட்ட சொல்லிடாதீங்கம்மா. அதுக்குத்தான் மீட்டரே போட்டது. முள்ளப் பாத்து ஓட்டிடுவேன். வண்டிய வித்துட்டா நான்..." என்று ஆரம்பித்தவர் டீயைக் குடித்தார்.

"நான் சொல்ல மாட்டேண்ணே. நானே மாசக் கடைசி வரைக்கும்தானே."

அது அவருக்குக் கேட்டது. ஆனால் விளங்கவில்லை.

"மாசக் கடைசி வரைக்கும்னா?"

வித்யா அவரையே பார்த்தாள். அதற்குள் கொளஞ்சியப்பன் கைதட்டிக் கூப்பிட்டார்.

மீட்டர் பெட்டிக்குள் அய்யனாரின் ஆயில் ஏறிப் பிசுபிசுத்துப் போயிருந்ததைப் பெட்ரோலில் கழுவி எடுத்திருந்தார் கொளஞ்சியப்பன். புதுக் கம்பிக்குக் கீழ்ப்பாதியில் மட்டும் கிரீஸ் தடவி, குழாய் எங்கும் நெளியாமல் நேராக ஓட்டி மாட்டினார். மாட்டும் முன்னால் கேபிளின் வாலை டிரில்லிங் மெஷினில் பிடித்துச் சுழற்றிக் காட்டினார். முள் ஆடாமல் அசங்காமல் எழுந்து நாற்பதில் நின்றது. "இனிமே பாருங்க, பூன மாதிரி போகும்" என்றார். பஞ்சநாதன் தலையாட்டினார். பூனைக்கும் பன்றிக்கும் இடையில் என்ன வித்தியாசம் என்று அவரால் சொல்லமுடியாது. முள் நிற்கிறது, அது தெரிகிறது.

கூட்டம் முடிந்து திரும்பும்போது மத்தியானம் ஆகிவிட்டது. ரோடு காலியாகத்தான் கிடந்தது. நாற்பதிலேயே போனார். வித்யா பேசவில்லை. ஓடுகிற வண்டியில் பேசி என்ன? அவரும் கேட்கவில்லை. மாசக் கடைசி, மாசக் கடைசி என்று அந்தச் சொல் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. ஆபீஸை மூடுகிறார்களா? இவளுக்குக் கல்யாணமா? வண்டியை ஓரங்கட்டிக் கேட்டுவிடலாம். ஆனால் கேட்டால் பதில் வந்துவிடுமே என்றும் இருந்தது. ஆலப்பாக்கம் வரைக்கும் அப்படியே வந்தார்கள்.

அங்கே ஒரு கிராமத்து வகுப்பைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும். பெரிய ரோட்டை விட்டு இறங்கினால் ரயில்வே கேட். அகலப் பாதை போட்டு ரயில் மறுபடி ஓட ஆரம்பித்திருந்த சமயம். கேட் மூடியிருந்தது. பஞ்சநாதன் ஜீப்பை நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

அமைதி. பனைமரத்து ஓலை உரசுவதுகூட அவருக்குக் கேட்கிற மாதிரி இருந்தது. கேட்டதோ, கண்ணால் பார்த்துக் கேட்டதாக நினைத்துக்கொண்டாரோ.

வித்யா சீட்டில் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அண்ணே, கிள்ளைக்குப் போறப்ப உங்ககிட்ட ஒரு சமாசாரம் சொன்னேன். நெனப்பு இருக்குதா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

"கவர்மெண்ட் பரீச்ச எழுதியிருந்தேன் இல்ல? பாஸாகிட்டேன். தேன்கனிக்கோட்டை தாலுக்கா ஆபீஸ்ல போட்டிருக்காங்க. மாசக் கடைசில போவணும். வீட்ல சொல்றதுக்கு முன்னாடியே உங்ககிட்டதாண்ணே சொன்னேன். நீங்க என்னா சொன்னீங்க தெரியுமா?"

"நல்லதும்மான்னேனா?"

"சிரிச்சிக்கிட்டே 'நல்லதும்மா'ன்னீங்க. அவ்ளோதான். எந்த ஊரு, என்னா வேலன்னு ஒரு வார்த்த கேக்கல. ரோட்டப் பாத்து ஓட்டிக்கிட்டே வந்தீங்க. இந்த மனுசனுக்கு நாம வெறும் டூட்டிதான் போலன்னு நெனச்சேன். அப்பறம் என்னா பேசறதுன்னு தோணாம விட்டுட்டேன்."

பஞ்சநாதன் ஸ்டியரிங்கைப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் அடிபட்ட கோபம் என்று நினைத்தாரே, அதெல்லாம் இல்லை. அவள் அத்தனை நாளும் இதைச் சுமந்துகொண்டு ஜன்னலைப் பார்த்து வந்திருக்கிறாள். அவரோ பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறது என்று நிம்மதியாக ஓட்டியிருக்கிறார்.

"எனக்குக் கேக்கலம்மா" என்றார். அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியுதுண்ணே."

"ஒனக்கு பதிலு வேற ஆளு வருமா?"

"வருவாங்க. சின்னப் பொண்ணுதான் யாராவது. அவங்களும் இந்த சீட்டுலதான் உக்காருவாங்க. நான் சார்கிட்ட சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்கண்ணே. முள்ளு வேகத்ததான் காட்டும். பின்னாடி வர்றவன் கத்தறத காட்டாது."

"சொன்னா வண்டி போயிடும்."

இல்லை, போகாது என்று வித்யா சொல்லிவிடலாம்தான். அப்படிச் சொல்கிற பெண் அவள் இல்லை.

ரயில் வந்தது. அதன் தடதடப்பு தரை வழியாக ஜீப்புக்குள் ஏறி, சீட்டில், முதுகில், பல்லில் எல்லாம் கேட்டது. போய் முடிந்ததும் பஞ்சநாதன், "நாளைக்கிக் காலையில சொல்லிடறேன்" என்றார். "நான் சொல்றப்ப நீ கூட இருக்க வாணாம். நானே சொல்லிக்கறேன்."

"சரிண்ணே."

கேட் உயர்ந்தது. எதிர்ப்பக்கத்து வண்டிகள் வர ஆரம்பித்தன. பின்னால் ஒரு கரும்பு லாரிக்காரன் ஏர் ஹாரனை அழுத்திப் பிடித்தான். அது பஞ்சநாதனுக்கு நன்றாகவே கேட்டது. சாவியில் போன கையை அவர் எடுத்துக்கொண்டார். சாவியைத் திருகினால் பேச்சு போய்விடும். நாளைக்குப் பிறகு எத்தனை கேட் மூடும், எத்தனை தடவை எஞ்சின் நிற்கும், யார் கண்டது?

வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, போ, போ என்று லாரிக்கு வழி காட்டினார். லாரிக்காரன் திட்டிக்கொண்டே ஒடித்து முன்னால் போனான். அவன் பின்னால் ஒரு மினி பஸ். அதையும் போகவிட்டார்.

"அண்ணே, கேட்டு தொறந்தாச்சு" என்றாள் வித்யா.

"தொறந்தா தொறக்கட்டும்" என்றார் பஞ்சநாதன். அவள் பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "அந்தத் தேன்கனிக்கோட்ட எங்கம்மா இருக்குது? ஓசூருக்கு அந்தாண்டயா? அங்கல்லாம் குளுரு ஜாஸ்தின்னு சொல்லுவாங்களே. நீ சொட்டரு வாங்கினியா இல்லியா?"